ஆளில்லாத திரை

நாற்காலியை விட்டு எழுந்தால் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் சிரிப்பு வரும். பெரிய வேலை ஒன்றும் இல்லை ஐயா. திரையின் அடியில் ஒரு பட்டை இருக்கிறது, அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். மவுஸை அங்கே கொண்டுபோய் ஒரு தட்டு தட்டினால் போதும். பிறகு பாஸ்வேர்ட் போட்டால்தான் திறக்கும்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பதினாறு வருடமாகக் கணினிகளுக்குப் பொறுப்பாளன் நான். ஊரார் நோயும் விலாசமும் திறந்த திரையில் பல்லிளித்துக்கொண்டு கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதற்காக எனக்குப் பூட்டண்ணன் என்று பெயர் வைத்தார்கள். வைத்தவள் மூன்றாம் மேசைப் பெண். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வரும் என்று எல்லோரும் சொன்ன ஷிஃப்ட் பொறுப்பு, போன மாதம் அவளுக்குப் போனது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் மனைவிதான் ஒரு வாரம் அங்கலாய்த்தாள்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை எல்லோரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அன்று காலை அவளும் மாற்றினாள். மாற்றியதைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினாள். ஒட்டக் கூடாது என்பது விதி. அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது அதைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அவளிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால்தான் சிரிக்கிறார்களே.

பதினொன்றே காலுக்கு அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. மனைவிக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஒருவர் கதறினார். விலாசத்தை அடித்து முடித்து, எத்தனையாவது மாடி என்று கேட்கும்போது அவளுடைய ஹெட்செட் செத்துப்போனது. மாடியையும் நிரப்பாமல் படிவம் வண்டிக்குப் போகாது. வேறு ஹெட்செட் எடுக்க அலமாரிக்கு ஓடினாள். திரை திறந்து கிடந்தது, நாற்காலியில் ஆள் இல்லை. நான் போய்ப் பூட்டினேன்.

"யாரு லாக் பண்ணது?"

"நான்தாம்மா. பாஸ்வேர்ட் போடு."

திரைக்குக் கீழே சீட்டைத் தேடினாள். பிறகு நினைவிலிருந்து மூன்று முறை அடித்தாள், மூன்றும் தப்பு. மூன்று முறை தப்பாக அடித்தால் கணக்கு முடங்கும். அதை விடுவிக்க என் ஒருவனால்தான் முடியும்.

"அண்ணா, உங்க கால்ல விழறேன், திறந்து விடுங்க. அங்க ஒரு உசுரு போயிட்டிருக்கு."

"எழுதிக் குடும்மா. குடுத்ததும் பண்ணிடறேன்."

எழுத்தில் கேட்காமல் நான் யாருக்கும் திறந்ததில்லை. எழுதிக் கொடுத்தாள். தேதி இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

அவளையும் குறை சொல்ல முடியாது. நினைவில் நின்ற தெருப் பெயரைப் பக்கத்து மேசைக்காரரிடம் கத்திச் சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டாள். வீட்டு எண்தான் அவளுக்கு நினைவில்லை. நீளமான தெரு. வண்டி சைரனோடு மேலும் கீழும் அலைந்தது. அந்தக் கணவர் மறுபடி கூப்பிட்டு, அழைப்பு வரிசையில் காத்திருந்தாராம். பதினோரு நிமிடம் கழித்து, தேதி போட்ட சீட்டு வந்ததும், நான் திரையைத் திறந்து கொடுத்தேன். வண்டி வீட்டை அடைந்தபோது அந்த அம்மாள் போய்விட்டிருந்தாள்.

எனக்கும் வருத்தம்தான் ஐயா. இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பாஸ்வேர்டை மறந்தது தன் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவள் வேலையை விட்டாள். அதில் தேதி சரியாகப் போட்டிருந்தாள்.

பூட்டும் முன் திரையைப் படித்தாயா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். படித்தேன். பெண், வயது முப்பத்து நான்கு, மூச்சுத் திணறல், வீட்டு எண் நூற்றுப் பன்னிரண்டு. வண்டி அந்தத் தெருவில் தேடிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்த எண் எனக்குப் பாடமாக இருந்தது. ஆனால் அவள் என்னிடம் திரையைத்தான் திறக்கச் சொன்னாள். எண்ணைக் கேட்கவில்லை.