சாவு பீருக்கு ஒரு கொப்பரை

— இருபது லிட்டரா! சாவு வீட்டு பீர் காய்ச்சவா கடையில இருக்கிறதுலயே சின்னக் கொப்பரையைக் கேக்குறீங்க?

— போதும்மா. அந்த எவர்சில்வரையே எடுங்க.

— ஐயா, ஜூனிப்பர் மரக் கொப்பு போட்ட தண்ணியில முளைகட்டின பார்லி மால்ட்டை ஊறவச்சு வடிச்சு, நாலு மணி நேரம் கொதிக்க விடணும். பாதி பொங்கி அடுப்புல விழும், பாதி ஆவியாப் போகும். வந்தவங்களுக்குத் தேக்கரண்டியிலயா ஊத்துவீங்க?

— வர்றவங்களுக்கு அதுவே மிஞ்சும். நான், பாதிரியார், பெட்டி தூக்க நாலு பேரு. அந்த நாலு பேரும் கூலிக்கு.

— கூலிக்கா? கர்த்தரே! நம்ம பள்ளத்தாக்குலயா? செத்தது யாரு?

— எங்க அண்ணன். எய்லிவ்.

— எய்லிவ்... அவரா?

— பார்த்தீங்களா, பேரைக் கேட்டதும் எடுத்த கொப்பரையை நீங்களே கீழ வச்சுட்டீங்க.

— நீங்க ஓஸ்முன்தானா? பெர்கன் பட்டணத்துல இருக்கிற தம்பி?

— ஆமா. இருபது வருஷம் கழிச்சு நேத்துதான் வந்தேன். எங்க வீட்டுப் பக்கம் வீடு வீடாப் போய்ச் சொன்னேன், ஒருத்தரும் உள்ள வான்னு கூப்பிடலை. அவங்களைச் சொல்லி என்ன? மூடுபனியில படகை எடுக்காதேன்னு எல்லாரும் சொல்லியும் எடுத்தான். பாறையில மோதி, கூட வந்த சின்னப் பையன் போயிட்டான். இவன் மட்டும் நீந்திக் கரையேறினான்.

— பதினோரு வருஷமாச்சு.

— கடைசியில பெர்கன் ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “ஊருக்கு பீர் காய்ச்சி ஊத்துடா”ன்னான். எந்த ஊரு வரும்? ஏம்மா, அதை எதுக்கு இறக்குறீங்க?

— செம்புக் கொப்பரை, நூத்தம்பது லிட்டர். அடி கனம், தீயாது. பிடிங்க ஒரு கை.

— ஐயோ, வேண்டாம்மா! பீப்பாய் பீப்பாயா காய்ச்சி வச்சுட்டு, காலி பெஞ்சைப் பார்த்துக்கிட்டு உக்காரணுமா நான்?

— எங்க வீட்டுலயே எட்டுப் பேரு வர்றோம். எங்க வீட்டு ஈஸ்டும் தர்றேன், ரெண்டே நாள்ல புளிச்சிடும். அக்கம்பக்கத்துக்கும் நானே சொல்றேன். நான் வர்ற சாவுக்கு வராம வீட்டுல இருக்க யாருக்கும் மனசு வராது.

— நீங்க எதுக்கும்மா? அண்ணனைப் பழக்கமா?

— ஒரு வார்த்தை பேசினதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மெழுகுவத்தி வைக்கக் கல்லறைக்குப் போவேன். நான் போறதுக்குள்ள யாரோ பனியெல்லாம் அள்ளிப் போட்டு, கல்லைத் துடைச்சு வச்சிருப்பாங்க. ஒரு வருஷம் விடியறதுக்கு முன்னாலயே போய் மரத்துக்குப் பின்னால நின்னேன். உங்க அண்ணன் மண்டி போட்டு, வெறுங்கையால துடைச்சுக்கிட்டு இருந்தாரு.

— எய்லிவா? எங்கிட்ட சொன்னதே இல்லையே!

— இந்த வருஷம் பனி அப்படியே கிடந்துச்சு. அவருக்கு முடியலைன்னு அப்பவே நினைச்சேன்.

— யாரு கல்லறைம்மா அது?

— படகுல போன ஹல்வரோடது. நான் அவனைப் பெத்தவ.