ஊசி படாத தட்டு

கனகராயன்குளம்,
1982 ஐப்பசி, விடிகாலை.

மதிப்புக்குரிய ஐயா,

முதலில் யார் யார் இருந்தோம், எங்கெங்கே இருந்தோம் என்பதை எழுதிவிடுகிறேன். பின்னால் நீங்கள் வழக்கு வம்பு என்று வந்தால் குழப்பம் இருக்கக் கூடாது.

இடம், கண்டி வீதியோரம் உள்ள செல்வராசாவின் தேநீர்க் கடை. கடைக்காரர் செல்வராசா அடுப்படியில், பலகைக் கட்டையில் இருந்தார். பள்ளிக்கூடத்து நாகேஸ்வரி ரீச்சருக்குக் கடையில் இருந்த ஒரே கதிரை. முல்லைத்தீவு நெல் வியாபாரி சரீப் மா மூட்டையின் மேல். நான் வாசலைப் பார்த்தபடி வாங்குப் பலகையில். உங்களிடம் இசைத்தட்டைக் கொண்டுவரப் புறப்பட்ட அப்புத்துரை சுவரோடு நிலத்தில் இருந்தார். அவர் மடியில் துணிப்பை. பைக்குள் தட்டு.

நேற்றிரவு கொழும்பு பஸ் அச்சு முறிந்து மழைக்குள் நின்றது. மற்றவர்கள் பஸ்ஸுக்குள்ளேயே சுருண்டுவிட்டார்கள். நாங்கள் ஐந்து பேரும் ஒரு அரிக்கன் லாம்பும்தான் கடையில்.

பேச்சைத் தொடக்கியவர் செல்வராசா.

"என்னாங்க அது, பச்சைப் புள்ளையத் தூக்குற மாதிரி வச்சிருக்கீங்க?"

"றெக்கோட்" என்றார் அப்புத்துரை. "மச்சான்ர. கொழும்பில ஒருத்தர் வாங்கிறார்." விலையையும் சொன்னார்.

"அந்த விலைக்கு ரெண்டு கறவை மாடு வாங்கலாம்" என்றார் ரீச்சர். "அப்பிடி என்ன கிடக்கு அதில?"

அப்புத்துரை தன் மைத்துனர் ராஜரத்தினம் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்புவித்தார். முதல் தடவை அடித்த தட்டாக இருக்கவேண்டும். நடுவிலே ஒட்டிய தாள் மங்கக் கூடாது. உறையின் மூலை மடியக் கூடாது. பாட்டு முடிந்த இடத்தில் கீறியிருக்கும் இலக்கம் சரியாக இருக்கவேண்டும். உலகத்தில் மிஞ்சியிருப்பவை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி படாததாக இருக்கவேண்டும்.

"பாட்டு நல்ல பாட்டோ?"

"தெரியாது ரீச்சர். மச்சான் போட்டுக் கேட்டதில்லை. கேட்டா விலை போயிடும்."

சிரித்தோம். ரீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சோறு சமைச்சு மணந்துகூடப் பாராமல் அலுமாரியில பூட்டி வைக்கிற ஆக்களோ இவை?"

சரீப் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்தார். மா மூட்டையை அப்புத்துரையிடமிருந்து தள்ளி, மறு மூலைக்கு இழுத்துப் போட்டுவிட்டு அதில் இருந்தார்.

"பேச்சியம்மாட றெக்கோட்டோ அது?"

அப்புத்துரை துணிப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகுதான், ராஜரத்தினமே தன்னிடம் புலம்பியது என்று சரீப் சொல்லத் தொடங்கினார்.

"இரவு பதினொண்டு இருக்கும்... வட்டக்கச்சியால கிளிநொச்சிக்கு வாற றோட்டு. ஒரு பக்கம் வாய்க்கால். மற்றப் பக்கம் வயல். ஒரு விளக்கில்லை. இவற்ர மச்சான் மோட்டச்சைக்கிள்ள தனிய வாறார்... வாய்க்கால் பக்கமிருந்து சத்தம். பூ... பூ... மைக்கில ஆரோ ஊதுறான். பிறகு... ஹலோ... ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"எந்தக் கோயிலாம்?" என்றார் ரீச்சர்.

"கோயில் இல்லை ரீச்சர். நாங்கள் ஒண்டு எண்டுதான் சொல்லுவம். எங்கட பக்கம் மைக்குக்கு முன்னால ஒண்ணு எண்டு சொல்லுறவன் ஒரேயொருத்தன். சங்கிலி. சங்கிலி செத்து, எரிச்சு, எட்டாம் நாள் செலவுகூட அப்ப முடியேல்லை."

மழை தகரத்தில் அடித்தது. செல்வராசா அடுப்பில் ஒரு கொள்ளியைத் தள்ளினார்.

சரீப் முன்னும் பின்னுமாகச் சொன்னதை நான் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

சங்கிலி மலைநாட்டுத் தோட்டத்து ஆள். எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்து விரட்டியபோது வட்டக்கச்சிக்கு வந்து குடியேறியவன். பகலில் வயற்கூலி. கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்றால் லவுட்ஸ்பீக்கர் கட்டுவான். கார் பற்றறியில் ஓடும் பழைய அம்ப்ளிபயர், ஒரு பிளேயர், இரண்டு புனல். அவன் பெண்சாதி பேச்சியம்மா இளவயதில் கொழும்பில் ஒரு சின்னக் கம்பனிக்குத் தாலாட்டு ஒன்று பாடியிருந்தாள். வாழ்நாளில் அவள் பாடிய ஒரே தட்டு அதுதான். அதே கலவரத்தில் அந்தத் தட்டுகள் இருந்த கடை எரிந்தது. தட்டெல்லாம் தாராக உருகித் தெருவில் ஓடியதாம். சங்கிலி வீட்டிலிருந்த ஒன்றை வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தான். வன்னிக்கு வந்த முதல் மாரியில் பேச்சியம்மா மலேரியாவில் போய்விட்டாள்.

அதன் பிறகு எந்த வீட்டில் புனல் கட்டினாலும் முதலில் அந்தத் தாலாட்டுத்தான் போகும். பிள்ளையார் பாட்டுக்கூட அதற்குப் பிறகுதான்.

"என்ர மகள்ட கலியாணத்திலயும் போட்டவன்" என்றார் சரீப். "மாப்பிள்ளை வரமுந்தித் தாலாட்டு. 'டேய் சங்கிலி, கொஞ்சம் பொறன், அவங்களுக்கு ஒரு வருசமாவது அவகாசம் குடன்' எண்டு சனம் பகிடி பண்ணுது. அவன் அசையேல்லை. கண்ணை மூடிக்கொண்டு நிண்டவன்."

இனி அப்புத்துரையின் மைத்துனர் ராஜரத்தினம். கிளிநொச்சியில் அரிசி மில். வீட்டில் அலுமாரி நிறைய இசைத்தட்டு. ஒன்றையும் போடமாட்டார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில், விளிம்பில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். துடைப்பார். பூட்டுவார். காது இருக்கிற இடத்தில் அவருக்கு இரண்டு ஓட்டை மட்டும்தான் இருந்திருக்கவேண்டும்.

அவருக்குக் கொழும்பில் யாரோ ஒருவரின் பழைய பெட்டிக்குள் பேச்சியம்மாவின் தட்டு, புதுக்கருக்குக் குலையாமல், உறையோடு கிடைத்தது. விசாரித்துப் பார்த்தார். எரிந்தது போக மிஞ்சியவை இரண்டே இரண்டு. ஒன்று தன்னிடம். மற்றது சங்கிலியிடம்.

"அந்தக் கடை எரிஞ்சதுதான் இதுக்கு யோகம் எண்டு மச்சான் சொன்னவர்" என்றார் அப்புத்துரை. "பிறகு, மற்றதும் இல்லாட்டி எப்பிடியிருக்கும் எண்டும் சொன்னவர்."

ஒரு பின்னேரம் ராஜரத்தினம் சங்கிலியின் குடிசைக்குப் போனார். பெரிய மனிதர் வந்ததில் சங்கிலிக்குத் தலைகால் தெரியவில்லை. தட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனான். அவன் திரும்பி வருவதற்குள் ராஜரத்தினம் மோட்டார்சைக்கிள் சாவியால் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். அமத்தி. பிறகு உறைக்குள் போட்டு, பத்திரமாக வைத்தார்.

"தேத்தண்ணியைக் குடிச்சவரோ?" என்று கேட்டார் ரீச்சர்.

"குடிச்சுப்போட்டுத்தான் வந்தவர்" என்றார் அப்புத்துரை. "கெட்டித்தனமாத்தான் எனக்குச் சொன்னவர்."

அடுத்த கலியாணவீட்டில் சங்கிலி ஊசியை வைத்தான். டக்... டக்... டக்... பாட்டு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தாண்டித் தாண்டி விழுந்தது. சனம் சிரித்தது. அவன் பிளேயரை நிறுத்தவில்லையாம். கடைசிவரை அப்படியே கேட்டானாம்.

பிறகு மில்லுக்குப் போனான். அப்போது சரீப் நெல்லு விலை கதைக்க அங்கே இருந்தார். தன் காதால் கேட்டது என்று சொன்னார்.

"ஐயா, கீறுனது யாருன்னு நான் கேக்க வரலைங்க. ஒங்ககிட்ட இன்னொண்ணு இருக்குதாமே. ஒரே ஒரு வாட்டி போடுங்க ஐயா. வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போயிர்றேன்."

"ஊசி பட்டா என்ன விலை குறையும் எண்டு தெரியுமோ உனக்கு?" என்றார் ராஜரத்தினம். "போ, போ. வேலையைப் பார்."

அவன் போகவில்லை. பின்னேரங்களில் வந்து மில் மதிலோடு நிற்பான். கேட்கமாட்டான், சும்மா நிற்பான். ராஜரத்தினம் அதற்குப் பயந்து உறையின் வாயைச் சிவப்பு அரக்கால் ஒட்டி, மேலே தன் முத்திரையைக் குத்தினார். ஒரு நாள் ஆளைக் காணவில்லை. குடிசையில் பிளேயருக்குப் பக்கத்தில் தலையை வைத்தபடி கிடந்தான். பற்றறி இறங்கியிருந்தது. ஊசி அந்தக் கீறலில் நின்றது.

அந்த எட்டுக்குள்தான் வாய்க்கால் வீதியில் அந்தச் சத்தம்.

"மூணு எண்டு சொன்னாப் பிறகு... ஒரு மணம் வந்ததாம். அம்ப்ளிபயருக்குள்ள சூடான வால்வில தூசி கருகிற மணம். பிறகு பாட்டு. தாலாட்டு. நல்ல துப்பரவா... ஒரு டக் இல்லை. ஒரு இரைச்சல் இல்லை. அந்த வயல்வெளி முழுக்க..." சரீப் நிறுத்தினார். "ரீச்சர், இவற்ர மச்சானுக்கு அப்ப என்ன நினைப்பு வந்தது தெரியுமோ? பேய் எண்டில்லை. 'ஐயோ, கீறாதது என்ர மட்டும்தானே... என்ர றெக்கோட்டையெல்லோ போடுறான்!'"

வீட்டுக்குப் பறந்தார். அலுமாரி பூட்டியபடி. அரக்கு உடையாதபடி. உறையைத் தொட்டுப் பார்த்தால் சூடு. கல்லிலிருந்து எடுத்த ரொட்டியைப் போல. அரக்கை உடைத்துப் பூதக்கண்ணாடியை வைத்தார். கருகருவென்று இருந்த தட்டின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். நூறு தரம் ஊசி ஓடினால் வருகிற தேய்வு.

மறுபடி ஒட்டினார். மறுநாளும் வாய்க்கால் பக்கம் பாட்டு. விடிய வளையம் அகன்றிருந்தது.

ஒரு சாதாரண மனிதன் என்றால் என்ன செய்வான்? பூசாரியைக் கூப்பிடுவான். சங்கிலியின் குடிசையில் ஒரு விளக்காவது வைப்பான். ராஜரத்தினம் பேய்க்குப் பயப்படவில்லை ஐயா. விலை விழப்போகிறதே என்றுதான் பயந்தார். புது அரக்கு வாங்கி ஒட்டி, "ஊசி படாதது" என்று உங்களுக்கு எழுதினார். முழுதும் தேய்வதற்குள் உங்கள் தலையில் கட்டிவிட அப்புத்துரையைப் பஸ் ஏற்றினார்.

நீங்களும் மோசமில்லை. உங்கள் கடிதத்தை அப்புத்துரை லாம்படியில் பிடித்துக் காட்டினார். உறையின் மூலை மடிந்திருக்கிறதா, தாள் மங்கியிருக்கிறதா, இலக்கம் தெளிவாக இருக்கிறதா. கேள்விக்கு மேல் கேள்வி. யார் பாடியது, என்ன பாட்டு என்று ஒரு வரி இல்லை.

"திறவுங்கோ, பாப்பம்" என்றார் ரீச்சர்.

"முத்திரையை உடைச்சா மச்சான் என்னை வெட்டுவார்."

"அவர் வெட்ட முந்தி நான் வெட்டுவன். திறவுங்கோ."

அப்புத்துரை அரக்கை நகத்தால் பெயர்த்தார். தட்டை உருவி எடுத்து லாம்பின் முன்னால் சாய்த்தார். வெளிப்பாதி மழமழவென்று இருந்தது. கோடே இல்லை. உள்பாதியில் மட்டும் மெல்லிய வரிகள் மிஞ்சியிருந்தன. ரீச்சர் கதிரையைப் பின்னுக்கு இழுத்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

"கொளுத்திப்போடுவம்" என்றார் சரீப்.

செல்வராசா எழுந்து வந்தார். அவரும் மலைநாட்டிலிருந்து வந்தவர்தான். தட்டைத் தன் வேட்டித் தலைப்பால் வாங்கினார்.

"ஏற்கெனவே ஒரு தடவ எரிச்சாங்கதானே சரீப் நானா. போதும். இன்னும் கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு. அந்த மனுசன் கேட்டு முடிக்கட்டும்."

பிஸ்கட் போத்தல்களுக்கு நடுவில் தட்டை நிமிர்த்தி வைத்தார். கடையில் பிளேயர் இல்லை. றேடியோகூட இல்லை. லாம்பைக் குறைத்துவிட்டு ஐந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சத்தமும் வரவில்லை. நடுச்சாமத்துக்குப் பிறகு மழை விட்டது. அப்போது அந்த மணம் வந்தது... கருகிய தூசி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரீச்சர் மட்டும் தன் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தாமல், கண்ணைப் பொத்திக்கொண்டார்.

வெளுத்தபோது தட்டு முழுதும் கண்ணாடி. வரி இல்லை. என் முகம் அதில் தெரிந்தது.

அப்புத்துரை கிளிநொச்சிக்குத் திரும்புகிறார். மச்சானின் முகத்தில் இனி முழிக்கமாட்டாராம். தட்டை இந்தக் கடிதத்தோடு அட்டையில் கட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் காலை பஸ்ஸில் அனுப்புகிறோம். நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்: உறையின் மூலை மடியவில்லை. தாள் மங்கவில்லை. இலக்கம் மட்டும் இல்லை. எங்கள் ஐந்து பேர் அறிய ஒரு ஊசியும் படவில்லை. பாட்டே இல்லாத தட்டு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். இனி இதற்கு வேறு கொப்பியும் கிடையாது. உங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? விலையை நீங்களே போட்டு, கேளாமல் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அப்புத்துரைக்காக எழுதியவன்.

(கடித உறையின் பின்பக்கம்)

கடிதத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டியாயிற்று. திறக்க மனமில்லாததால் இதை வெளியில் எழுதுகிறேன். பஸ் வந்து நிற்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். செல்வராசா குளக்கட்டுப் பக்கம் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கொண்டக்டர் பொடியன் பொதியை வாங்கி இடுக்கிக்கொண்டு, கடிதத்துக்குக் கையை நீட்டியபடி கேட்கிறான்:

"அண்ணை, விடியக்காலமை எந்தக் கோயில்ல தாலாட்டுப் போடுறாங்கள்?"