கம்பளத்தில் கொட்டிய நூறு

— வெர்னா, சுவிட்சுல இருந்து கையை எடு! வேக்குவம் கிளீனர் வேண்டாம்!

— எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி எதுக்குக் கத்தறீங்க? கொட்டினதை உறிஞ்சி எடுக்காம வேற என்ன பண்றதாம்?

— கொட்டினது கடுகுன்னு நெனச்சியா? பிரைமர். தோட்டாவோட அடியில பொருத்தறது. தட்டினா வெடிக்கும். அந்த மெஷினுக்குள்ள கடகடன்னு மோதினா உள்ளயே பட்டாசுதான்.

— நல்லா இருக்கு போங்க. அந்தப் பட்டாசைக் குழந்தை விளையாடற ரூம்ல கடை பரப்பி வச்சிருக்கீங்க. கராஜ்ல வச்சுக்கோங்கன்னு தொண்டை கிழியச் சொன்னேனா இல்லையா, மெர்வின்?

— கராஜ்ல குளிர். விரல் மரத்துப்போனா வெடிமருந்தை எப்படி அளக்கறது? விடிஞ்சா எல்க் மான் வேட்டை சீசன். என் கையால அடைச்ச தோட்டா இல்லாம நான் மலை ஏறினதே இல்ல.

— கடைத் தோட்டாவுக்கு மான் விழாதாக்கும்.

— விழும். ஆனா அது கடைக்காரன் சுட்ட மான். பதறாதே, கேளு...

— பதறாம என்ன பண்றது? டானா மிசூலாவுல கிளம்பி முக்கால் மணி நேரமாச்சு. ஹேஸலைத் தூக்கிக்கிட்டு இப்ப வந்து நிப்பா. அந்தக் குட்டிக்குத் தரையில எது கிடந்தாலும் நேரா வாய்க்குத்தான். 'அப்பாவோட தோட்டா சாமான் ஒண்ணே ஒண்ணு தரையில பாத்தாலும் குழந்தையை இங்க விடமாட்டேன்'னு உங்க மூஞ்சிக்கு நேராத்தானே சொன்னா?

— சொன்னா. அதனாலதான் சொல்றேன், குனி. அதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கோ. செருப்பைக் கழட்டு, எதையாவது மிதிச்சுடப் போற. டார்ச்சைத் தரையோட தரையா படுக்க வை. ஒவ்வொண்ணுக்கும் நிழல் விழும் பாரு.

— என் முட்டி என்னத்துக்கு ஆகும்? ஒரு காந்தம் இருந்தா ஒரே இழுப்புல வந்துடாதா?

— பித்தளையில காந்தம் ஒட்டுமா?

— இதெங்க பித்தளை? வெள்ளி மாதிரி மினுங்குது.

— மேல பூச்சு. உள்ள பித்தளைதான்.

— போன வருஷம் வாங்கினது மஞ்சளா இருந்துச்சு, கண்ணுலயாவது பட்டுச்சு. சாம்பல் நிறக் கம்பளத்துல இதைத் தேடறதுக்கு நான் கோழியாப் பொறந்திருக்கணும்.

— மஞ்சள் இந்த வருஷம் கிடைக்கல. கிடைச்சதை வாங்கினேன்.

— போன வருஷமும் இதே இடத்துலதான் தட்டைக் கவுத்தீங்க.

— கவுத்தேன். நூறையும் பொறுக்கினேன். ஹேஸல் அப்ப வயித்துல. டானாகிட்ட பைபிள் மேல கையை வச்சு, 'நூறும் சரியா இருக்கும்மா'ன்னு சொன்னேன். அப்புறம்தானே அவ சமாதானமானா?

— ஆமா. உங்க பேச்சை நம்பித்தான் கோடை முழுக்க குழந்தையை இங்க விட்டுட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போனா. அதுவும் இந்தக் கம்பளத்தையே தவழ்ந்து தேய்ச்சுது. அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்காதீங்க. எத்தனை ஆச்சு?

— தொண்ணூத்தி ஆறு. புதுப் பெட்டி, இப்பத்தான் பிரிச்சேன், ஒண்ணுகூடத் தோட்டாவுல ஏத்தல. நூறு இருக்கணும்.

— இந்தாங்க, நாற்காலிக்கு அடியில ரெண்டு. மிளகு மாதிரி ஓடி ஒளிஞ்சுக்குதுங்க.

— தொண்ணூத்தி எட்டு. மேஜைக் கால்கிட்ட ஒண்ணு. தொண்ணூத்தி ஒன்பது.

— அய்யோ, கார் சத்தம்!

— அது பக்கத்து வீட்டு டிரக். பதறாதே.

— இன்னொரு தடவை பதறாதேன்னு சொன்னீங்க, டார்ச்சாலயே போடுவேன். மிச்சம் ஒண்ணு எங்க? எழுந்திருங்க. கால்சட்டை மடிப்பை உதறாம மெதுவாப் பிரிங்க.

— அட! மடிப்புக்குள்ளயே உக்காந்திருக்கு. நூறு!

— ஆண்டவரே, நன்றி. மறுபடி எண்ணுங்க.

— பத்துப் பத்தா அடுக்கிட்டேன். பத்து வரிசை. எல்லாம் வெள்ளி. ஒண்ணும் குறையல. இதுக்குப் போயி வீட்டையே ரெண்டாக்கிட்டே. டானா வந்தா சொல்லு, உங்கப்பன் எண்ணிக்கை எந்த வருஷமும் தப்பினதில்லன்னு.

— சொல்றேன், மெடல் குத்தி விடறேன். முதல்ல அந்தப் பெட்டியைப் பூட்டி வைங்க. இதோ, நிஜமாவே வந்துட்டா. ஹாரன் கேக்குது.

— வரட்டும். நான் போய்க் குழந்தையைத் தூக்கிட்டு வரேன். நீ அவ பொம்மைக் கூடையை நடுவுல இழுத்துப் போடு.

— ம்... மெர்வின், நில்லுங்க. கூடைக்கு அடியில இன்னொண்ணு கிடக்கு.

— இருக்காது. நூறு எண்ணியாச்சு.

— எண்ணினீங்க. ஆனா இது மஞ்சளா இருக்கு.