வெறும் பாத்தி

அந்தச் சாக்க அப்படித் தள்ளிட்டுக் கட்டில்லயே உக்காருங்க மிஸ், தரையில என்னத்துக்கு. கண்ணகி இல்ல. அவங்க அப்பா வாரத்துல ஒரு நாள்தான் லாரிய வுட்டுட்டு வூட்டுக்கு வருவாரு. புள்ளைக்குச் செருப்பு அந்துபோச்சுன்னு பைக்குல பெரம்பலூரு கூட்டிட்டுப் போயிருக்காரு. வர கொஞ்ச நேரமாவும். ஓ, அவ இல்லாதப்பதான் பேசணும்னு வந்தீங்களா? அப்ப சௌரியமாப் போச்சு. டீ போட்டேன், குடிங்க. சக்கர கம்மிதான். உங்களுக்குச் சக்கர ஆவாதுன்னு தெரியும். நீங்க எந்தக் கலரு பேனாவுல திருத்துவீங்க, எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க, எல்லாம் இந்த வூட்ல மனப்பாடம்.

எதுக்கு வந்தீங்கன்னும் தெரியும். அரியலூர் சயின்ஸ் கண்காட்சியில நடந்தத அவ வாயத் தொறந்து சொல்லல. வேன்ல கூட வர்ற ருமைசா புள்ளதான் சொல்லுச்சு. பத்துப் பதினஞ்சு ஸ்கூலு வந்திருந்துச்சாமே. மார்க்கு போட வந்தவரு விவசாய ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவராம். நோட்ட பொரட்டிப் பாத்துட்டு, ஏம்மா, எரு போட்ட பாத்தியில ரெண்டு கிலோ, ஒண்ணுமே போடாத வெறும் பாத்தியில ரெண்டே முக்கா கிலோவா, இதெல்லாம் நெசமாவே அளந்தியா, இல்ல வூட்ல ஒக்காந்து நம்பர எழுதிட்டியான்னு அத்தன பேரு முன்னாடி கேட்டிருக்காரு. நான்தான் சார் அளந்தேன், நான்தான் சார் நிறுத்தேன்னு திருப்பித் திருப்பி அதையே சொல்லிட்டு நின்னாளாம். இப்ப வேன்ல புளுகினின்னு கூப்புடுதுங்களாம். நாலு நாளா சோத்தப் பெசைஞ்சு பெசைஞ்சு வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுறா.

கரஸ்பாண்டன்ட்டும் கேட்டாரா? நாளைக்குள்ள ஒரு வெவரம் சொல்லலன்னா ஸ்டேட் லிஸ்ட்டுலேர்ந்து பேர எடுத்துருவாங்களா. ஸ்டேட்டுக்குப் போறத வுடுங்க மிஸ், போனாப் போவுது. பொய்யா எழுதுனான்னு இல்ல ஆயிடும். ஏழாங்கிளாஸ்ல இந்தப் பேரு வாங்குனா பன்னெண்டாவது வரைக்கும் ஒட்டிக்கிட்டே வரும்.

சொல்றேன், இருங்க. அவசரப்படாதீங்க.

முன்னாடியெல்லாம் ப்ராஜெக்ட்டுன்னா யாரு செய்வா தெரியுமா? நான்தான். எல்லா வூட்லயும் அம்மாதான் செய்வாங்க, யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. சாயங்காலம் வந்து டைரிய நீட்டுவா. நாளைக்கு எரிமல வேணும்மா, நாளைக்கு இதயம் வேணும்மா. நான் டவுன் பஸ் புடிச்சுப் போயி தெர்மாகோல், கலர் பேப்பரு, பசை எல்லாம் வாங்கியாந்து ரெண்டு பேருமா உக்காருவோம். நான் வெட்டுவேன், அவ கத்திரிக்கோலு எடுத்துத் தருவா. நான் பத்தாவதோட நின்னவ மிஸ். அவகூட உக்காந்துதான் கிட்னி எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியும். நாலாங்கிளாஸ்ல நான் செஞ்ச சோழர் காலத்துக் கோயிலுக்கு ஃபர்ஸ்ட் ப்ரைஸ். கங்கைகொண்ட சோழபுரத்துக்கே போயி, சுத்திச் சுத்திப் பாத்துட்டு வந்து செஞ்சேன். கப்பு அந்தா, டிவி மேல இருக்கு பாருங்க. அதுல அவ பேருதான் இருக்கு. இருக்கட்டும்.

அப்புறம் நீங்க வந்தீங்க.

மொத மீட்டிங்குலயே சொன்னீங்க. ப்ராஜெக்ட்டு புள்ளைங்க கையால செய்யணும், கோணலா இருந்தாலும் பரவால்ல, அம்மாமாருங்க கையப் பின்னாடி கட்டிக்குங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வூட்டுக்கு வந்து பாத்தா எனக்கு சாயங்காலமே இல்லாமப் போச்சு. டைரிய நீட்டுறது நின்னு போச்சு. கேட்டா, மிஸ் யோசிக்கச் சொல்லியிருக்காங்க, நீ பதில் சொல்லாதம்மாங்குறா.

சரி, தெர்மாகோலு போனாப் போவுதுன்னு வுட்டுட்டேன். ஆனா நீங்க கொடுத்தீங்க பாருங்க வெங்காய ப்ராஜெக்ட்டு, அதத்தான் என்னால தாங்க முடியல. நீங்க திருச்சி டவுனு. வெங்காயத்த கடையில பாத்திருப்பீங்க. நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து சின்ன வெங்காயம்தான் நடுறேன். தாளத் தொட்டுப் பாத்தே தண்ணி போதுமா போதாதான்னு சொல்லிடுவேன். எங்கொல்லையில, நான் உழுது போட்ட மண்ணுல, ரெண்டு பாத்தி புடிச்சா. ஒண்ணுல எரு, ஒண்ணு வெறும் பாத்தி. பாத்திக்கு அம்பது வெத வெங்காயம், எண்ணி எண்ணி நட்டா. சுத்தி கயித்தக் கட்டி அட்டையில எழுதி மாட்டுனா, பெற்றோர் கை வைக்கக் கூடாதுன்னு. எங்கொல்லையில மிஸ். பக்கத்துக் கொல்ல பச்சையம்மா அதப் படிச்சுட்டு, என்னடி உன்ன உள்ளயே வுட மாட்டாங்க போலிருக்கேன்னு ஒரு வாரம் சிரிச்சா.

நீங்க சிரிக்காதீங்க. நீங்க சொல்லிக் குடுத்த வார்த்ததான் அது.

தெனமும் ஸ்கேல எடுத்துக்கிட்டுப் போயி தாள அளப்பா. ஒரு நாளு நுனி மஞ்சளா இருக்கேன்னு நின்னா. நான் வரப்புல நின்னுகிட்டு, பனி பட்டது அது, ரெண்டு நாள்ல சரியாயிடும்னேன். என்னயத் திரும்பிப் பாத்து, ஊகத்த எழுதக் கூடாதும்மா, பாத்ததத்தான் எழுதணும், மிஸ் சொல்லியிருக்காங்கங்குறா. ஊகமாம். பதினஞ்சு வருசம் குனிஞ்சு கெடந்தது ஊகமாம். அன்னைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடல.

தல வாருறது உங்கள மாதிரி. ழ எழுதுறது உங்கள மாதிரி, கீழ சுழிச்சு வுடுறா. பொறந்த நாளுக்கு மொத சாக்லேட்டு உங்களுக்கு எடுத்து வச்சுட்டுத்தான் எனக்கு நீட்டுனா. காய்ச்சல்ல கெடந்தப்ப ஒறக்கத்துல மிஸ்ஸுன்னு ஒளறுறா. நான் பக்கத்துல ஈரத் துணியப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். எரிஞ்சுது மிஸ். வெக்கத்த வுட்டுச் சொல்றேன், வயிறு எரிஞ்சுது. உங்களுக்குக் கல்யாணமாயி ஒரு புள்ள பொறந்து, அது இன்னொருத்தி பேரச் சொன்னாத்தான் தெரியும். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லாதான் பாத்துக்கிட்டீங்க, அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியல. சொல்ல முடிஞ்சிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மழத் தண்ணியா? இல்ல மிஸ், மேட்டுப் பாத்தி, பக்கத்துலேர்ந்து ஒண்ணும் எறங்கி வராது. மண்ணு வேறயா? ஒரே மண்ணுதான். நீங்களும் எத்தன காரணம் கண்டுபுடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. அவ பொய் சொல்ல மாட்டான்னு உங்களுக்கே தெரியுதுல்ல.

அவ எழுதுனதுல ஒரு எழுத்தும் பொய்யில்ல. நட்டு பதினெட்டாம் நாளுக்கு மேல பாருங்க, வெறும் பாத்தி தாளு கருகருன்னு கெளம்பியிருக்கும். எழுதியிருக்காளா? எழுதியிருப்பா. யூரியா போட்டா அப்படித்தான் வரும். ரெண்டு தடவ போட்டேன். பதினெட்டாம் நாளு ஒரு கை, இருவத்தெட்டாம் நாளு ஒரு கை. அவ வேன் ஏறுனதும் கயித்தத் தாண்டிப் போயி தூவிட்டு, கையோட தண்ணியக் கட்டிட்டேன். சாயங்காலம் அவ வந்து பாக்குறப்ப கரைஞ்சு போயிருக்கும். கெழமையும் வேணுமா? மொத தடவ வெள்ளிக்கெழம, ரெண்டாவது தடவ திங்கக்கெழம. எழுதிக்குங்க, ஆபீசருகிட்ட காட்டணும்ல.

நீங்க உள்ள வர்றப்ப, பாத்தி வாடிக் கெடந்துச்சு, பாவமா இருந்துச்சு, அதான் போட்டேன்னு சொல்லிரலாம்னு இருந்தேன். அதில்ல. எரு போட்ட பாத்திதான் நல்லா வரும்னு நீங்க சொன்னதா கண்ணகி குதிச்சுக்கிட்டு வந்து சொன்னா. அது தப்பாப் போவட்டும்னு போட்டேன். தப்பாப் போனா, ஏம்மா இப்படி ஆச்சுன்னு எங்கிட்ட வந்து கேப்பான்னு நெனச்சேன். கேட்டா அன்னைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ. கேக்கல. நிறுத்துப் பாத்துட்டு, நம்பாம இன்னொரு தடவ நிறுத்தா. அப்புறம் நோட்டுல எழுதுனா. ஒறங்குனதும் எடுத்துப் பாத்தேன். காரணம் தெரியவில்லை, மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்னு எழுதியிருந்துச்சு.

அரியலூர்ல இப்படி நிக்க வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது மிஸ். சத்தியமாத் தெரியாது.

நீங்க அவகிட்ட சொல்ல வேணாம். நான்தான் சொல்லணும். நாலு நாளா சொல்லலாம்னு வாயெடுத்து வாயெடுத்து, சாப்பிடுறியான்னு கேட்டுட்டு வந்துடுறேன். அந்தா, பைக்கு திரும்புது. எந்திரிக்காதீங்க, உக்காருங்க. டீ ஆறிடுச்சு, வேற போடட்டுமா? வேணாமா. சரி. நான் சொல்லி முடிச்சதும் அழுவா. அழுதா எங்கிட்ட வர மாட்டா, உங்ககிட்டதான் வருவா. வந்தா புடிச்சுக்குங்க.