பதினாலு ப்ளக்-இன்

– ஏக் மினிட், நீலா. இத மட்டும் கேட்டுட்டுப் போ. உன் குரல் எப்படித் தெளிஞ்சிருக்குன்னு பாரு.

– காலையிலேர்ந்து இது ஒம்பதாவது ஏக் மினிட்டு. கேட்டாச்சுங்க. இந்த ஹெட்போனைக் கழட்டுங்க என் தலையிலேர்ந்து, காது கூசுது.

– கூசுதா? நல்லா இல்லேங்கிறியா?

– தகர டப்பாவ ஆணியால கீறுற மாதிரி இருக்கு. நான் பாடினது மாரியாத்தாளுக்கு. இதக் கேட்டா ஆத்தா சப்பரத்துலேர்ந்து இறங்கி நடந்தே போயிருவா.

– அரே, இன்னைக்குக் காலையிலதான் இறக்கினேன் இந்த ப்ளக்-இன்ன. சும்மா கிடைச்சது. குரலுக்கு ஒரு பளபளப்பு குடுக்கும்னு போட்டிருந்தான். எல்லாரும் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கான்.

– சும்மா கிடைக்குது, சும்மா கிடைக்குதுன்னு என் ஈமெயிலத்தான குடுத்து வாங்குறீங்க. காலையில எந்திரிச்சா போன்ல இருவது மெயிலு. 'டியர் தேவேந்திரன், உங்களுக்கு மட்டும் எண்பது சதவீதம் தள்ளுபடி'ங்கிறான். கேஸ் புக்கிங் மெயில் எங்க கிடக்குன்னு அதுக்குள்ள நான் தேடணும்.

– என் மெயில் ரொம்பிப் போச்சு, அதான்.

– மொத்தம் எத்தனை மாட்டியிருக்கீங்க என் குரல் மேல?

– எதை?

– அதான், ஸ்கிரீன்ல பழைய ரேடியோ கணக்கா குமிழும் முள்ளுமா வரிசை கட்டி நிக்குதே, அந்த ப்ளக்-இன்ன.

– பதினாலு.

– கல்யாணத்தன்னைக்குக்கூட என் கழுத்துல இத்தனை ஏறலை.

– ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கு, தேக்கோ, இங்க பாரு. இது இரைச்சல வழிச்சு எடுக்குது. நம்ம லம்பா லைன் வீட்டுல ரெக்கார்டிங் பண்ணினா பாதிப் பாட்டுல ஃப்ளைட்டு இறங்குது, என்ன பண்றது? இது, நீ ஓங்கிப் பாடுற எடத்தையும் தணிச்சுப் பாடுற எடத்தையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டு வருது. இது கோயில் மண்டபத்துல நின்னு பாடுற மாதிரி எதிரொலி.

– மூணாச்சு. மிச்சம் பதினொண்ணு?

– மிச்சமெல்லாம் கூர்மைக்கு. ட்ரெபிள், அதாவது கீச்சான சத்தத்த ஏத்துறது.

– பதினொண்ணும் கூர்மைக்கா. அருவாமணைக்குக்கூட ஒரு தரம் சாணை பிடிச்சா ஆறு மாசம் வரும்ங்க.

– மணி என்ன?

– மூணே முக்கால். அஞ்சு மணிக்கு ஐயாவு அண்ணன் மரைன் ஹில்லேர்ந்து வந்து வாசல்ல நிப்பாரு. பென் டிரைவ்ல பாட்டு இருக்கணும். அவருக்கு நாளைக்கு விடியக்காலை தீவோட வடக்குக் கோடி திக்லிபூருக்குப் பஸ்ஸு. அவரு கொண்டுபோய்க் குடுத்தாத்தான் கொடியேத்தத்தன்னைக்கு அங்க கோயில் மைக் செட்டுல போடுவாங்க. நான் அப்பவே சொன்னேன், வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா வேலை முடிஞ்சுதுன்னு.

– வாட்ஸ்அப் பாட்டைப் பிழிஞ்சு சக்கையைத்தான் அனுப்பும். அதுக்கா இத்தனை பாடு?

– சக்கையோ சாறோ, போய்ச் சேரணும். இல்லேன்னா கோயில் கமிட்டி சொக்கலிங்கம் ஐயா போன வருஷத்துப் பாட்டையே போட்டுருவாரு. எங்க அக்கா திக்லிபூர்ல வீடு வீடாச் சொல்லி வச்சிருக்கா, என் தங்கச்சி பாட்டு வருதுன்னு. நாப்பத்தி மூணு வயசுல முதல்முதலா ஒரு பாட்டு பாடியிருக்கேன். அது என் குரலாப் போகணும். வேற ஒண்ணும் நான் கேக்கலை.

– போகும். நான் அனுப்புறேன். நீ போய் டீ போடு.

– போன வாரமும் டீதான் போடச் சொன்னீங்க. டீ போட்டுட்டு வந்து பாத்தா, நிமிஷத்துக்கு ஒரு தரம் பாட்டு நடுவுல கிணுங்குன்னு ஒரு சத்தம்.

– அது அந்த ப்ளக்-இன்காரன் பண்ண வேலை. ஃப்ரீன்னு போட்டுட்டு ட்ரையலத் தள்ளிவிட்டுட்டான். காசு கட்டுற வரைக்கும் அப்படித்தான் சத்தம் போடும்.

– அத நான் சொல்லித்தான உங்களுக்கே தெரிஞ்சுது. அதுக்குள்ள இங்க வந்திருந்த சொக்கலிங்கம் ஐயாவுக்குப் போட்டுக் காட்டியாச்சு. பாவம் மனுசன், 'நடுவுல மணி வச்சிருக்கீங்களே, பிரமாதம்'னுட்டுப் போனாரு.

– நல்லாருக்குன்னுதான சொன்னாரு. விடு.

– விடுறேன். சௌமியாவுக்கு அனுப்பினீங்களே, சென்னையிலேர்ந்து பிள்ளை என்ன சொன்னா?

– அவ ஹாஸ்டல்ல வச்சிருக்கிற ஹெட்போன் சரியில்ல.

– 'ஊசி குத்துதுப்பா, அம்மா குரல் எங்கப்பா'ன்னு கேட்டிருக்கா. என்கிட்டயும் சொன்னா.

– சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்?

– பக்கத்து வீட்டு ஒச்சம்மா அக்கா சின்னப் பொண்ணா? நீங்க ஸ்பீக்கர்ல போட்டதும் எந்திரிச்சு ஜன்னலைச் சாத்திட்டாங்க. என்னையக் கண்டதும், காய் அரிஞ்சுக்கிட்டிருந்தேன், வெயில் அடிச்சுது, அதான் சாத்தினேன்னு சொல்றாங்க. மழை பேஞ்சுக்கிட்டிருந்துச்சு அப்ப.

– அரே, மிக்ஸிங் பத்தி ஒச்சம்மாவுக்கு என்ன தெரியும்? பதினெட்டு வருஷம் கப்பல் என்ஜின் ரூம்ல காதாலயே சோறு தின்னவன் நான். எல்லாரும் காதுக்கு மஃப் மாட்டிக்கிட்டுத்தான் கீழ இறங்குவான். நான் கழட்டி ஆணியில மாட்டிட்டு இறங்குவேன். அத மாட்டினா என்ஜின் பேசுறது கேக்காது. பேரிங் தேயுதா, வால்வு ஒழுகுதா, எல்லாம் காதுலதான் தெரியும். சீஃப் என்ஜினியரே 'தேவா, கான் லகாவ்'னு என்னைத்தான் கூப்பிடுவாரு, வந்து காதை வைன்னு. அந்தக் காதுக்கு உன் பாட்டு தெரியாதா?

– தெரியும்னுதான் மூணு மாசமா வாயத் திறக்காம இருந்தேன். இருங்க, போனு. ஹலோ, சொல்லுங்கண்ணே. ஆமா, ரெடியாயிட்டே இருக்கு. ஓ. சரிண்ணே. வாங்க.

– யாரு, ஐயாவுவா?

– அவருதான். மக ருக்குவக் கூட்டிக்கிட்டு பஜாருக்குப் போகணுமாம், நாலரைக்கே வந்துருவேங்கிறாரு. இன்னும் முக்கால் மணி நேரங்கூட இல்ல.

– அப்ப நீ பேச்சுக் குடுக்காத. இந்த ஒண்ண மட்டும் கொஞ்சம் ஏத்திட்டா போதும், முடிஞ்சுது.

– கையை எடுங்க அதுலேர்ந்து. ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லணும்.

– கேளு.

– என் குரல் நல்லா இல்லையா?

– என்ன பேச்சு இது?

– நல்ல மீனுக்கு எதுக்குங்க இத்தனை மசாலா? நாறிப்போன மீனுக்குத்தான் அள்ளி அள்ளிப் போடுவாங்க. முதல்ல ரெண்டு போட்டீங்க, சரின்னு இருந்தேன். அப்புறம் நாலு, அப்புறம் எட்டு. கப்பல்லேர்ந்து இறங்கி வீட்டுக்கு வந்தா என்கூட உக்காந்து ரெண்டு வார்த்தை கிடையாது. எவன் எதைச் சும்மா குடுக்கிறான்னு அதுக்குள்ளயே முகத்தப் புதைச்சுக்கிட்டுக் கிடக்கீங்க. போன வாரம் பாத்திரம் விளக்கையில அழுதேன். இவர் வாயால சொல்லமாட்டாரு, இவ குரல் தேறாதுன்னுதான் போட்டு மூடுறாருன்னு நினைச்சு அழுதேன்.

– மூடலை, நீலா. திறக்கத்தான் பாக்குறேன்.

– என்னத்தத் திறக்க?

– நீ எழுத்த முழுங்குற. எழுத்தோட முனையே வரமாட்டேங்குது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பாடுற மாதிரி இருக்கு.

– நான் முழுங்கினேனா? தமிழ் சொல்லிக் குடுக்கிற வசந்தகுமாரி டீச்சர் பக்கத்துலயே உக்காந்து வரி வரியாத் திருத்துனாங்க. அவங்க வாயால உச்சரிப்பு சுத்தம்னு சொல்லி வாங்குறது லேசுப்பட்டதா?

– அப்ப மைக் கோளாறா இருக்கும்.

– முதல்ல மைக்குன்னீங்க, புதுசு வாங்கினோம். அப்புறம் லேப்டாப்புன்னீங்க, அப்புறம் ஸ்பீக்கர்னீங்க. ஆடத் தெரியாதவளுக்குத்தான் கூடம் கோணல். பதினாலையும் அணைங்க. ஒண்ணும் இல்லாமப் போடுங்க, நான் பாடினது பாடினபடிக்கு.

– சப்புன்னு இருக்கும்.

– இருந்துட்டுப் போகட்டும். போடுங்க.

– சரி. அணைச்சாச்சு. கேளு.

– இதுதான். இதுதாங்க நான். ரெண்டாவது அடி முடிச்சு மூச்சு எடுக்கிறேன் பாருங்க, அதுகூட அப்படியே விழுந்திருக்கு. உடம்பு புல்லரிச்சுப் போச்சு எனக்கு. இதப் போயி கெடுத்தீங்களே.

– மூச்சு எடுக்கிறது தெரியுதா?

– ஏன், தெரியலையா உங்களுக்கு?

– தெரியுது, தெரியுது. ஃப்ளைட் சத்தம்?

– அது தூரத்துல எங்கயோ போகுது. மைக் செட்டுல போட்டா தவிலுக்கு நடுவுல யாரு கேக்கப் போறா? இதையே பென் டிரைவ்ல ஏத்துங்க.

– ஏத்துறேன். ஆனா தேக்கோ, ஜெர்மனிக்காரன் ஒருத்தன் நேத்து ஒண்ணு விட்டிருக்கான். ஃப்ரீதான். அத ஒரே ஒரு தரம் போட்டுப் பாத்துட்டு...

– வேண்டாம். உங்க கையக் கும்பிட்டுக் கேக்குறேன், வேண்டாம்.

– அட, என்ன ஒரே புழுக்கமா இருக்கு. ஃபேன் நின்னுருச்சே. கரண்ட் போயிருச்சா?

– போயி ரெண்டு நிமிஷமாச்சு. அதான் இந்த யூபிஎஸ் கீச்சு கீச்சுன்னு உயிரை வாங்குதே. அத முதல்ல அமத்துங்க, தலை வலிக்குது.

– ம்.

– உங்க காலுக்கடியிலதான் இருக்கு. அந்தப் பொத்தானை அமுக்குங்க, சத்தம் மட்டும் நிக்கும்.

– அமத்திட்டேன்.

– அமத்தலையே.

– அமத்திட்டேன், நீலா. நின்னுருச்சு பாரு.

– இல்லைங்க. கத்திக்கிட்டேதான் இருக்கு. எங்க, இப்படித் திரும்புங்க. என் முகத்தப் பாருங்க. இப்பவும் கத்துது. உங்களுக்குக் கேக்கலையா?

– பென் டிரைவ் எங்க வச்சே? குடு, ஐயாவு வந்துருவாரு.

– கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

– ஒண்ணும் இல்லாததே போகட்டும். ஏத்தினப்புறம் நீ ஒருக்கா முழுசாக் கேட்டுட்டு, சரின்னா சரின்னு சொல்லு. நீ சொல்றதுதான்.

– மூணு மாசமா ஒரு குமிழைத் தொட விடலை. இப்ப நான் கேட்டுச் சொல்லணுமா? எதுக்கு?

– பொங்கல் கழிச்சு கப்பல் ரிப்பேருக்குக் கடல் தாண்டி மெயின்லேண்டுல நின்னுச்சே, அப்ப ஒரு காது டாக்டரைப் பாத்தேன். கூர்மையான சத்தமெல்லாம் கேக்குறது போயிருச்சு, போனது போனதுதான்னாரு. ஆபீஸ்ல தெரிஞ்சா என்ஜின் ரூம்ல இறங்க விடமாட்டான். அதான் யாருக்கும் சொல்லலை.

– எனக்குமா?

– உன்கிட்ட எப்படிச் சொல்வேன்? நீ பாடும்போது எனக்குப் பாதிக் குரல்தான் வருது, நீலா. மீதியத்தான் எவனாவது சும்மா குடுப்பானான்னு தேடிக்கிட்டிருந்தேன்.