வர்ஜீனியாவுக்கு ஒரு கல்லு

ஆமாங்க கேப்டன், கல்லுதான். உள்ள தங்கம் எதுவும் ஒளிச்சு வைக்கல, வேணா தட்டிப் பாருங்க. ரெண்டு மாடு நுரை தள்ள இழுத்துட்டு வந்திருக்கு. வர்ஜீனியாதானே போறீங்க? என் தம்பி ஜோதம் வீட்டுப் படகுத்துறையில இறக்கிட்டீங்கன்னா போதும்.

சிரிக்காதீங்க. நம்ம மாசசூசெட்ஸ் மண்ணு உங்களுக்குத் தெரியாததா? சோளம் போட்டாலும் கல்லு, போடாட்டியும் கல்லு. பனிக்காலம் முடிஞ்சா புதுசு புதுசா மேல வந்து உக்காந்திருக்கும். பொறுக்கிப் பொறுக்கி வயலச் சுத்திச் சுவரு வச்சோம். உள்ள பாத்தா பயிரு இல்ல, கல்லுக்குக் கல்லே காவல். அதனாலதானே ஊரே கலப்பைய வீசிட்டு மீன் பிடிக்கப் போச்சு?

தம்பிக்குக் கடல்னா வாந்தி. இனிமே ஆயுசுக்கும் கல்லு முகத்துல முழிக்க மாட்டேன்னு கத்திட்டு தெற்கே போயிட்டான்.

அங்க தலைகீழுங்க! வெறும் வண்டல். நாய் துரத்துச்சு அண்ணே, எறியக் கல்லு தேடுனேன், கிடைக்கல, கடிச்சிருச்சுன்னு கடுதாசி போட்டான்.

நிலமெல்லாம் புகையிலை. நாலு வருசத்துல மண்ணு செத்துரும், அடுத்த காட்ட வெட்டணும். அதனால வீடுங்க மைலுக்கொண்ணா கிடக்கு. இங்க நாம தும்முனா பாதிரியாருக்குக் கேக்குது. அங்க சண்டை போடணும்னாக்கூட படகுலதான் போகணுமாம், பாதி ஆத்துலயே கோபம் ஆறிருதாம். வேலைக்கா? ஆப்பிரிக்காவுலேந்து பிடிச்சிட்டு வந்த நாலு பேர விலைக்கு வாங்கியிருக்கான். அத ஒரே வரியில தாண்டிட்டான். நானும் கேக்கல. கேட்டிருக்கணும்.

பாரமா? கப்பல் ஆடாம இருக்க அடியில கல்லுதானே அடுக்குறீங்க, இதையும் அதோட சேத்துக்குங்க. ஆனா இப்படியே படுக்க வைங்க. ஐயோ, திருப்பாதீங்க!

சரி, பாத்துட்டீங்க. ஆமா, தம்பி பேருதான். நானே செதுக்குனேன், அதான் கோணல். போன மாசம் காய்ச்சல்ல போயிட்டானாம். மரப்பலகை நட்டா ஒரு வருசத்துல கரையான் தின்னுருது, ஊருல ஒரு கல்லு கிடைக்கலன்னு அவன் பொண்டாட்டி மெர்சி எழுதியிருக்கா. கோவிச்சுக்குவான், தெரியும். நான் வேற என்னத்த அனுப்புறது?

கீழ கொஞ்சம் இடம் விட்டிருக்கேன் பாருங்க. என்னைக்குப் போனான்னு அவ எழுத மறந்துட்டா. நீங்க இறக்கும்போது கேட்டு, ஒரு ஆணியால கீறி விட்டுருங்க.