ஈரம் காயாத செருப்பு

விளக்கைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள். கிட்ட வாருங்கள்... வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பவர் இந்தப் பக்கம் தள்ளி இருந்தால் அவருக்குத்தான் நல்லது.

பேய் என்றால் நடுச்சாமம் வேண்டும் என்று நினைப்பீர்கள். இது பட்டப்பகல். வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை. கற்பிட்டிப் பக்கம் களப்பு நீர்க்கரையோரமாகப் போகும் மணல் வீதி. அந்த நேரத்தில் அந்த வீதியைப் பார்த்திருக்கிறீர்களா? கடைகள் சாத்தியிருக்கும். ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலில். பெண்கள் அடுப்படியில். வெங்காயத் தோட்டத்துத் தண்ணீர் மோட்டார்கூட நின்றுவிடும். ஈ, காக்காய் இல்லை... அப்படி ஓர் அமைதி.

அந்த வீதியில் மிஹ்லார் தனியாக நடந்துபோனான். நம் நஜாத்தின் மாமி மகன், ஓட்டோ ஓட்டுகிறவன். மணல் கொதிக்கிறது, காலில் செருப்பில்லை. அவன் செருப்புப் போடுவதை விட்டுச் சில வருஷமாகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் முதல் ஆளாக வெளியே வந்தவன் மிஹ்லார். அவ்வளவு பசி. வாசலில் கிடந்த மண்ணிற ரப்பர் செருப்புக்குள் காலை விட்டான், நடந்தான். பாதி வழியில்தான் தெரிந்தது, குதிக்குப் பின்னால் இடம் மிச்சம் இருக்கிறது... மாறிவிட்டது. நமக்கெல்லாம் நடப்பதுதானே? பள்ளியில் செருப்பு மாறாத ஆள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! பின்நேரம் அஸர் தொழுகைக்குக் கொண்டுபோய்ப் போட்டால் சரி என்று களப்போரக் குறுக்குப் பாதையில் இறங்கினான்.

கண்டல் மரத்தடியில் உசனார் கிடந்தார். கருவாட்டு வியாபாரி உசனார். பின்தலை பிளந்திருந்தது. இரத்தம் கறுத்து, ஈ மொய்த்து... ஆனால் உயிர் இருந்தது. மிஹ்லார் குனிந்தான். அந்தக் கை மெல்ல வந்து அவன் கணுக்காலைப் பிடித்தது.

"மகன்... ஆரயாவது கூப்பிடு."

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் பொலிஸ் முதலில் தன்னைத்தான் பிடிக்கும் என்று அவன் புத்தி சொன்னது. அந்த நேரத்தில் வந்த புத்தியைப் பாருங்கள்! காலை உதறி இழுத்தான். ஒரு செருப்பு சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. மற்றதைக் களப்புக்குள் வீசிவிட்டு ஓடினான். வீட்டில் சோறு போட்டார்கள். தின்றான். நஜாத்திடம் இதைச் சொன்னபோது, அந்தச் சோற்றைச் சொல்லும் இடத்தில்தான் அவன் விம்மி அழுதானாம்.

அஸர் நேரத்தில் உசனார் மையத்தாகி, உயிரில்லாமல் கிடப்பதைக் கண்டார்கள். பக்கத்தில் செருப்பு. அது டி.என்.ஏ. பார்க்கக் கொழும்புக்கு, ஆய்வுகூடத்துக்குப் போனது. மேலே உசனாரின் இரத்தம். வாருக்குள்ளே நிஸாரின் தோல்.

நிஸார் வெங்காயத் தோட்டக்காரன். முந்திய கிழமைதான் உசனாரோடு வேலிச் சண்டை பிடித்திருந்தான். நண்பகலுக்கும் அஸருக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் அடி விழுந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். தொழுகைக்குப் பிறகு நிஸார் தனியாகத் தோட்டத்துக்குப் போனவன், கண்ட ஆள் இல்லை.

"என்ட செருப்பு பள்ளியில மாறிட்டு சேர்! இந்தா, நான் போட்டுட்டு வந்தது இதுதான்!" என்று மாறி வந்த சோடியைக் கொண்டுவந்து காட்டினான். அது மிஹ்லாருடைய செருப்பு. அதற்குள் யாருடைய தோல் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டவன் எல்லாம் சொல்லும் கதை என்று சிரித்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆய்வுகூடம் சொன்னால் சொன்னதுதானாம். மரண தண்டனை என்று தீர்ப்பு வந்தது. தூக்கில் போடுவதில்லை, சாகும்வரை சிறைக்குள் மறியல்.

பள்ளி கலைவதற்கு முன்பே உசனார் அடிபட்டுக் கிடந்தார், அந்நேரம் நிஸார் தொழுகை வரிசையில் நின்றான். இது தெரிந்த ஒரே ஆள் மிஹ்லார். வாயைத் திறந்தால் ஓர் அப்பாவி வீட்டுக்கு வருவான். திறக்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு வந்த வெள்ளி... மிஹ்லார் தொழுதுவிட்டு வெளியே வந்தான். நூற்றுக்கணக்கான செருப்புகளுக்கு நடுவில் அவனுடையது மட்டும் தனியாக, நேராக வைத்தபடி இருந்தது. ஈரம். களப்புச் சேற்று நாற்றம். காலை விட்டான்... உள்ளே சூடு. யாரோ இப்போதுதான் கழற்றியது போல.

அடுத்த வெள்ளியும் அப்படியே. பள்ளியை மாற்றினான், புத்தளம் வரை போனான். அங்கேயும் ஈரம், அங்கேயும் சூடு. கடைசியில் செருப்பையே விட்டுவிட்டான்.

அப்படி வெறுங்காலோடு போன வெள்ளிதான் நான் முதலில் சொன்னது. தூரத்தில் குத்பாப் பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்கிறது. பின்னால்...

சளக்.

நின்றான். நின்றது. நடந்தான்.

சளக்... பிறகு ஒன்றுமில்லை. சளக்... ஒரு காலில் ஈரச் செருப்பு, மறுகால் வெறுங்கால். வெயிலில் கருவாட்டு மணம் எழும்பி வந்தது. திரும்பிப் பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை. உங்களில் யாருக்காவது இருந்திருக்குமா? குத்பா சத்தம் சட்டென்று அறுந்தது. கணுக்காலில் ஐந்து விரல், ஒவ்வொன்றாக... குளிர்ந்து.

"மகன்... ஆரயாவது கூப்பிடு."

அவன் பள்ளிக்குப் போகவில்லை. ஒரே ஓட்டம், நிஸாரின் வீட்டுக்கு. நிஸாரின் மனைவி றிஃப்னா கதவைத் திறந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

றிஃப்னா ஏசவில்லை. உள்ளே போனாள். அலுமாரி கிறீச்சிட்டது. ஒரு பையோடு வந்தாள்; அன்று பொலிஸ் திருப்பிக் கொடுத்த சோடி அதற்குள்.

"இது ஒங்கட செருப்பா நானா?"

"ஓம்."

"அப்ப லோயர்ட்டப் போவோம், வாங்க."

லோயருக்கு முகம் மலர்ந்தது. "இதுக்குள்ள உம்மட தோல் இருந்தாப் போதும். செருப்பு மாறினதெண்டு நிஸார் சொன்ன கதை உண்மையாகிடும்," என்றார். கோர்ட்டில் கேட்டு, செருப்பும் மிஹ்லாரின் எச்சிலும் ஆய்வுக்குப் போயின.

அந்த மாதங்களில் மிஹ்லார் நன்றாகத் தூங்கினான். ஊர் காறித் துப்பட்டும், பொலிஸ் பிடிக்கட்டும், நிஸார் வந்தால் போதும் என்று இருந்தான். வெள்ளிக்கிழமைகள் சும்மா வந்து சும்மா போயின. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்றே நினைத்தான் பாவி.

அறிக்கை வந்தது. இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து லோயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உம்மட தோல் பேருக்கும் இல்ல. வாருக்குள்ள, குதியில, விரல் பட்ட இடத்துல... எல்லாம் ஒரே ஆள்தான். உசனார். அதுவும் நேத்துக் கழட்டின மாதிரி இருக்காம்."

மிஹ்லார் எழும்பி நின்றான். "சேர்... நான் வந்து சாட்சி சொல்றேன்."

"இவ்வளவு காலம் எங்க இருந்தீர்? உம்மட வாயை இனி ஆர் நம்புவா? செத்தவர்ட செருப்பக் கொலைகாரன் வீட்டுல ஒளிச்சு வெச்சிருந்தான் எண்டு அவங்க சொல்லப்போறாங்க. நாமளே கொண்டுபோய்க் குடுத்திட்டம்."

வெளியே வெயில். றிஃப்னா மதிலில் சாய்ந்து நின்றாள். மிஹ்லாருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளே வாயைத் திறந்தாள்.

"நானா... ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் அந்தச் செருப்பு நனைஞ்சிருக்கும். பூட்டின அலுமாரிக்குள்ள. எங்கட அவர்தான் மறியல்ல இருந்து ஊட்டுக்கு வந்துட்டுப் போறாரெண்டு நெனச்சேன். சவுக்காரம் போட்டுக் கழுவி, தலப்பால தொடச்சித் தொடச்சி வெச்சது நான்தான்."

முந்தானைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றினாள்.

"கழுவ முன்னுக்கு... சூடு ஆறும் வரைக்கும் அத நெஞ்சோட அணைச்சிட்டு இருப்பேன்."